தையலுக்கு விட்ட இடம்

பிப்ரவரி 3

ஃபிட்டர் ஐயாவுக்கு,

இங்கே நான் சுகம், தையல் மிஷின் சுகம், வாசல் கதவு வழக்கம்போல முனகிக்கொண்டு சுகம். கார் மட்டும் சுகமில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது பிடிக்கிறது என்று எப்போதோ ஒரு வரி எழுதினீர்கள். அதற்கப்புறம் முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

போன வாரம் பல் டாக்டர் கிளினிக்குக்குத் திரைச்சீலை கொண்டு போனேன். பெரிய பாலத்து ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டுக்குள்ளிருந்து புகை. திரைச்சீலை மூட்டையோடு நடுரோட்டில் நான். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனாலேயே என்னைத் திட்டினார்கள். சாயங்காலம் எதிர்வீட்டு பஸ் டிரைவர் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் போச்சு அண்ணி. வண்டிக்கும் வயசாச்சுல்ல"ன்னார். "வயசு எல்லாருக்கும்தான் ஆகுது, உனக்குக்கூட முன்னால முடி கொட்டிப்போச்சு"ன்னேன். தலையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

தினமும் காலையில் காருக்கு அடியில் பச்சையாக ஒரு குட்டை. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் ஓட்டுகிறேன். உங்கள் சீட்டில் நான், என் சீட்டில் தண்ணீர் பாட்டில்கள். என்னைப் போலவே அவையும் வழி முழுக்க சளசளவென்று வருகின்றன.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம். எனக்குத்தான் மனசு வரவில்லை. உங்கள் கையைத் தவிர வேறு கை படாத இன்ஜின். எப்படிக் கழற்றுவது என்று எழுதுங்கள், நானே செய்கிறேன். சுவர் அகலத் திரைச்சீலையைக் கோணாமல் வெட்டுகிறவளுக்கு ஒரு பம்ப் பெரிய காரியமா?

தந்தி மாதிரி நாலு வரி எழுதி அனுப்பினால் கார் அப்படியேதான் நிற்கும், சொல்லிவிட்டேன்.

உங்கள்
டெய்லரம்மா


பிப்ரவரி 20

டெய்லரம்மாவுக்கு,

நலம். முழங்காலும் தேவலை. நீ குளிரில் தரையில் உட்கார்ந்து துணி வெட்டாதே. மேஜை எதற்கு இருக்கிறது?

சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரையெல்லாம் ராத்திரி பகலாக இறைத்துக் கொட்டுகிற பம்புகளுக்கு நான்தான் காவல். வீட்டு பம்ப் ஒழுகுகிறதாம். கூட இருப்பவர்களிடம் சொன்னேன், சிரிக்கிறார்கள்.

முதலில் பம்ப்தானா என்று பார்க்கணும். எதிர்வீட்டான் பஸ் ஓட்டுவான், அதற்குமேல் அவன் சொல்வதை நம்பாதே. இன்ஜின் ஆறட்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இதை மூன்று முறை எழுதியதாக வைத்துக்கொள். ஆறினதும் ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். பல் ஆடுகிற மாதிரி ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்புக்கு அடியில் பார். அங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் கெட்டுப்போனால் அந்த வழியாகத்தான் சொட்டும். ஓட்டையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்தால் அது ரொம்ப நாளாக ஒழுகியிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

அந்த இடத்துக்குக் கை போவது கஷ்டம். பேட்டரி பக்கமாக நின்று இடது கையை விடு. அங்கே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும், எனக்கு எப்போதும் மணிக்கட்டில் கீறும். பழைய துணி சுற்றிக்கொள். உன்னிடம் துணிக்கா பஞ்சம்.

(இதற்கு மேல் ஹோஸ்கள் எப்படிப் போகின்றன என்று நாலு தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன். என் படம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிரிக்காதே.)

இன்னொன்று. மேனேஜர் கூப்பிட்டார். ஜூன் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் போடட்டுமா என்கிறார். மே முடிவதற்குள் சொல்லணும். நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு
உன் ஃபிட்டர்


மார்ச் 6

ஃபிட்டர் ஐயாவுக்கு,

நான் சுகம். மேஜையில்தான் வெட்டுகிறேன், சத்தியமாக. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

கவரைக் கையில் வாங்கினதும் கனமாக இருந்தது. வேறு யாருடைய கடிதமோ என்று விலாசத்தைத் திரும்பப் பார்த்தேன். ஆறு பக்கம்! கல்யாணத்துக்கு முன்னால்கூட நீங்கள் எனக்கு ஆறு பக்கம் எழுதினதில்லை. ஓட்டை இருக்கும் இடத்தை வர்ணித்ததில் பாதியாவது அப்போது என்னை வர்ணித்திருக்கலாம்.

ஃபேன் ஆடுகிறது. நன்றாகவே ஆடுகிறது. ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டேன், வெள்ளையும் பச்சையுமாகப் படிந்து கிடக்கிறது. அந்தத் தகடு என் மணிக்கட்டையும் கீறிவிட்டது. துணி சுற்றிக்கொள்ளச் சொன்னது கை கீறினதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இப்போது உங்களுக்கும் எனக்கும் ஒரே இடத்தில் தழும்பு.

புது பம்ப் வாங்கிவிட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?"ன்னார். "சார் சுரங்கத்துல பம்ப் பாக்குறாரு. இங்க நான் பாக்குறேன்"ன்னேன். அவர் பெட்டியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். பெட்டியைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். காலையில் டீ போடும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

இனி எதை முதலில் கழற்றுவது? ஒன்று விடாமல் எழுதுங்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள்
டெய்லரம்மா


மார்ச் 21

டெய்லரம்மாவுக்கு,

நலம். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, ருசியைப் பற்றிக் கேட்காதே. கீறின இடத்தில் மருந்து போட்டாயா? அந்தத் தகடு துருப்பிடித்தது.

முதலில் பேட்டரி வயரைக் கழற்று. அடியில் ஒரு பழைய வாளியை வைத்து ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் திருகைத் திற, தண்ணீர் முழுக்க வடியட்டும். தெருப் பூனை அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள், அது விஷம். பிறகு பெல்ட்டைத் தளர்த்து. அடுத்தது ஃபேன், அப்புறம் அடி ஹோஸ். ஹோஸ் வராவிட்டால் இழுக்காதே. திருகித் திருகி வா, தானாகக் கழன்றுகொள்ளும். அதனிடம் கோபித்துப் பயனில்லை.

பம்ப் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. சிலது நீளம், சிலது குட்டை. இடம் மாறிப்போனால் இன்ஜின் பிளாக்கே உடையும். அதனால் ஒரு அட்டையில் பம்பின் உருவத்தைத் தோராயமாக வரைந்துகொள். எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ, அட்டையில் அதே இடத்தில் குத்தி வை. நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். நம் வீட்டுப் பரணில் என் பழைய அட்டைகள்கூடக் கிடக்கும்.

பம்ப் வெளியே வந்ததும் இன்ஜின் பக்கம் பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தடித்த காகிதம் மாதிரி இருக்கும், பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் காக்கிறது அதுதான். மொட்டைக் கத்தியால் சுரண்டி எடு. ஒரு துணுக்குக்கூட மிச்சம் இருக்கக் கூடாது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். அறையில் நாலு கட்டில். ஜன்னல் என் கட்டில் பக்கம். எழுதிக்கொண்டே கையைக் காற்றில் திருப்பிப் பார்க்கிறேன், ஸ்பேனர் எந்தப் பக்கம் போகும் என்று. "என்ன அண்ணே, காத்துல பூட்டு திறக்குறீங்க?"ன்னு கேட்கிறார்கள்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ அதற்கு பதில் எழுதவில்லை.

இப்படிக்கு
உன் ஃபிட்டர்


ஏப்ரல் 4

ஃபிட்டர் ஐயாவுக்கு,

நான் சுகம், கீறலும் ஆறிவிட்டது. பூனையும் சுகம், அதைத் துரத்துவதற்கே ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பம்பைக் கழற்றிவிட்டேன்! ஆமாம், நானே. கடைசி போல்ட் மட்டும் அசையவே மாட்டேன் என்றது. ஸ்பேனரில் பழைய திரைச்சீலைக் குழாயைச் சொருகி, அதன்மேல் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். "டக்"கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றே நினைத்து அழுகை வந்துவிட்டது. பார்த்தால் கழன்றிருக்கிறது. அந்த நிமிஷம் திரும்பி உங்களிடம் காட்டப் போனேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

போல்ட்டுகள் அட்டையில் இருக்கின்றன. பரணில் உங்கள் பழைய அட்டைகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் குத்தின ஓட்டைகளும் உங்கள் கிரீஸ் விரலும். ஒன்றை எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன், சும்மா.

கார் இப்போது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நான் திரைச்சீலைச் சுருள்களோடு எதிர்வீட்டுத் தம்பியின் பஸ்ஸில் போய் வருகிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டில் இருக்கும்போது நீங்கள் பேசவே மாட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் பேச்சு வரும். என் முகத்தைப் பார்க்க வேண்டாம் பாருங்கள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே மனசில் உள்ளதையெல்லாம் சொல்வீர்கள். அதற்காகவே நான் கடைக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று உங்களைக் கிளப்பியிருக்கிறேன். வீட்டில் சர்க்கரை இருக்கும்போதே சர்க்கரை வாங்கப் போயிருக்கிறோம்.

பழைய கேஸ்கெட் துண்டு துண்டாக வந்தது. புதிதாக ஒன்று வெட்டணும். அங்கே உங்களிடம் நல்ல கேஸ்கெட் ஷீட் இருக்குமே. புது பம்பைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அந்த அளவை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் கையால் ஒன்று வெட்டி அனுப்புங்கள். அதுவரை கார் இப்படியே நிற்கட்டும்.

உங்கள்
டெய்லரம்மா


ஏப்ரல் 12

மதிப்புக்குரிய அண்ணனுக்கு எதிர்வீட்டு டிரைவர் எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை அண்ணி சொல்லித் தெரிந்துகொள்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணே, இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது பம்ப் வந்த பெட்டியிலேயே கேஸ்கெட் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். "இதோ இருக்கே அண்ணி, ஒட்டி மாட்டினா பொழுது சாயறதுக்குள்ள வண்டி ஓடும்"னேன். அண்ணி பெட்டியை வெடுக்கென்று மூடி, "அது சரியா வராது, அவர் அனுப்புவார்"ன்னு சொல்லிவிட்டார்கள். அளவு கச்சிதமாக இருக்கிறது அண்ணே. நானே மாட்டித் தருகிறேன் என்றேன். "உன் பஸ்ஸைப் பாரு"ன்னு பதில்.

தினமும் என் பஸ்ஸில் திரைச்சீலைச் சுருளை ஏற்றுகிறார்கள். அது ஒரு சீட், அண்ணி ஒரு சீட். கண்டக்டர் என்னை முறைக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார்கள்.

வேறு விசேஷம் இல்லை. எனக்கு முடி கொட்டுவதற்கு அங்கே ஏதாவது தைலம் கிடைக்குமா?

தங்கள் அன்புத் தம்பி


ஏப்ரல் 23

டெய்லரம்மாவுக்கு,

நலம். நீ பஸ்ஸில் சுருளைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோள் வலிக்கிறதா?

கேஸ்கெட்டை வெட்டிவிட்டேன். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்து. ஸ்டோரில் இருந்த ஷீட்டில் நல்லதாகப் பார்த்து எடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒர்க் பெஞ்சில் உட்கார்ந்து வெட்டினேன். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், அதற்கு அவசியமே இல்லை. ஃபோர்மன் வந்து, "எந்த பம்புக்கு?"ன்னார். "வீட்டு பம்புக்கு"ன்னேன். அவர் தன் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்று சொல்லணும். நீ அனுப்பிய அளவு எனக்குக் கொஞ்சம் பெரிதாகப் பட்டது. தண்ணீர் போகிற நடு வட்டம் சிறுத்தும் தெரிந்தது. எத்தனையோ முறை அந்த பம்பைக் கையில் பிடித்திருக்கிறேன். கண்ணை மூடிப் பார்த்தேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நாளில் மறந்துபோச்சோ என்று பயமாக இருந்தது. காரின் அளவு மறந்தால் போகட்டும். வேறு என்னென்ன மறந்திருக்கிறேனோ என்றுதான் பயம். கடைசியில் என் ஞாபகத்தைவிட உன் கை சரியாக இருக்கும் என்று நீ வெட்டின அளவுக்கே வெட்டினேன்.

மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

மேனேஜர் மறுபடி கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டானிடம் இங்கே தைலம் எதுவும் கிடைக்காது என்று சொல்.

இப்படிக்கு
உன் ஃபிட்டர்


மே 6

என் ஃபிட்டருக்கு,

தோள் வலிக்கவில்லை. நான் சுகமாக இருக்கிறேனா என்பதைக் கடிதம் முடியும்போது நீங்களே சொல்லுங்கள்.

கேஸ்கெட்டைப் பிரித்து பம்பின்மேல் வைத்தேன். சுற்றிலும் விரல் அகலத்துக்கு வெளியே தொங்குகிறது! நடு வட்டம் பாதி அடைந்து கிடக்கிறது. அப்படியே மாட்டியிருந்தால் தண்ணீர் போக வழியே இருந்திருக்காது. முதலில் உங்களைத்தான் திட்டினேன். அப்புறம் என் காகிதம் ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டேன். பம்பை வைத்துச் சரியாகத்தான் வரைந்தேன். ஆனால் வரைந்த கோட்டின் மேலேயே கத்தரி வைக்க என் கைக்குத் தெரியாதே. பழக்க தோஷத்தில் வெளிப்பக்கமும் உள்பக்கமும் தையலுக்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறேன்! இரும்பு பம்புக்குத் தையல் போட நினைத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

சிரித்தேன். தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

உங்களுக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டதுதான் சரி. பயப்படாதீர்கள்.

எதிர்வீட்டுத் தம்பி உங்களுக்கு எழுதினதை நேற்றுத்தான் உளறினார். நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டியில் கேஸ்கெட் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நீங்கள் உட்கார்ந்து வெட்டியிருக்கிறீர்கள், விளிம்பைத் தேய்த்திருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி நான் மட்டும் எதற்கு மூடி மறைக்க?

ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள் வேலை. அதை நான் மூன்று மாதமாக இழுத்தேன். என்னைப் பற்றிக் கேட்டால் நீங்கள் நாலு வரி எழுதுவீர்கள், காரைப் பற்றிக் கேட்டால் ஆறு பக்கம். ஆபீஸ் போனில் பேசினால் உங்கள் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. அந்த ஆறு பக்கத்துக்காகத்தான் கார் இத்தனை நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நீங்கள் கேட்டதற்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். போன முறை நீங்கள் வெளியூரில் வேலையில் இருந்தபோது "போதும், வந்துடுங்க" என்று எழுதினது நான். வந்தீர்கள். இங்கே வேலை அமையவில்லை. நின்ற காருக்குள் ரேடியோ போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நாள், "உன் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு" என்றீர்கள். கோபத்தில் சொன்னது, மறுநாளே நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. அதனால் இந்த முறை வா என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். மேனேஜருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஆனால் என் மனசில் இருப்பதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. எனக்கு நீங்கள் வேண்டும். டீ போடும்போது, கதவு முனகும்போது, கடைசி போல்ட் கழலும்போது வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் என்றால் தாங்கிக்கொள்வேன். நன்றாக இருப்பேன் என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள்.

கேஸ்கெட்டை ஓரம் வெட்டி, உள்வட்டத்தையும் வெட்டி, உங்களுடையதையே மாட்டினேன். பெட்டியில் வந்தது காரின் டாஷ்போர்டு அறையில் கிடக்கிறது. எதிரெதிராகத்தான் இறுக்கினேன். வண்டியைக் கிளப்பி அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு இல்லை.

உங்கள்
டெய்லரம்மா


மே 28

என் ஃபிட்டருக்கு,

நலமா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை, பதில் வர எப்போதும் ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்தும் பொறுக்கவில்லை. ஆபீஸ் போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

நான் எழுதினது தப்பென்றால் அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மீதியை வைத்துக்கொள்ளுங்கள். கோபம் என்றால் கோபமாகவே நாலு வரி எழுதுங்கள். தந்தி மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

கார் நன்றாக ஓடுகிறது. முள் பாதிக்கு மேல் ஏறுவதே இல்லை. வேலை இல்லாத நாளிலும் பெரிய பாலம் வரை போய்த் திரும்புகிறேன். தண்ணீர் தேவைப்படவில்லை என்றாலும் பாட்டில்களை இறக்கவில்லை. அந்த சீட் காலியாக இருந்தால் பார்க்க முடியவில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே முடியப் போகிறது.

டெய்லரம்மா


ஜூன் 5

டெய்லரம்மாவுக்கு,

நலம். மழையில் மலைப்பாதை சரிந்து தபால் லாரி வரவில்லை, போன் கம்பியும் போச்சு. உன் இரண்டு கடிதமும் இன்று காலை ஒன்றாக வந்தன.

மேனேஜரிடம் போன வாரமே சொல்லிவிட்டேன், இனி வேண்டாம் என்று. அன்றைக்கு உன் கடிதம் சரிவுக்கு அந்தப் பக்கம் லாரியில் நனைந்துகொண்டிருந்தது. எனக்கு உன் பேச்சு எதுவும் வந்து சேரவில்லை. நானாகத்தான் வருகிறேன். வேலை ஒன்றும் கையில் இல்லை, அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஜூலை இரண்டு, காலை ரயில். ஸ்டேஷனுக்குக் காரை எடுத்து வா. பாட்டில்களை இறக்கிவிடு, உன் சீட்டில் நான் உட்காரணும். நீயே ஓட்டு. ரோட்டை நீ பார்த்துக்கொள், நான் உன் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டு வருகிறேன்.

உன் ஃபிட்டர்